மீ லா பீ (கரண்ட் வந்துடுச்சு)... மாவு மெஷினைப் போடலாமா? அக்கா பதில்கள்

போன இதழ்ல இடியாப்பம் பத்தி ஒருத்தருக்குப் பதில் எழுதும்போது, "கடை மாவை விடுங்க, வீட்டுலயே அரைச்சுக்கோங்க"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், அவ்வளவுதான், அப்புறம் வந்த கடிதாசி, வைபர் மெசேஜ், கோயில்ல பாத்தவங்க கேட்டது எல்லாமே மாவு மெஷின்தான். எது வாங்கறது, எத்தனை வாட்டு, கல்லா பிளேடா, கரண்ட் இல்லாத ஊர்ல எப்படின்னு. பர்மாவுல, ரங்கூன் பக்கத்துத் தன்லின்ல நாங்க 22 வருஷம் மாவு மில்லு நடத்தினவங்க, அதனால எனக்கும் வாய் சும்மா இருக்காது. இந்த மாசம் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன், புடவைக் கறை, பல்லி, மருமக கேள்விங்க எல்லாம் அடுத்த மாசம்.

விலை மட்டும் கேக்காதீங்க. நான் எழுதி இது அச்சாகி உங்க கைக்கு வர்றதுக்குள்ள தெயிஞ்சி சே சந்தையில விலை மாறிடும்.

கேள்வி: அக்கா, நாங்க ரங்கூன் டவுன்ல ஆறாவது மாடியில இருக்கோம், லிஃப்ட் கிடையாது. வீட்டுல அஞ்சு பேரு. சென்னையில இருக்கற தம்பி 1 ஹெச்பி வீட்டு மாவு மெஷின் ஒண்ணு வாங்கி அனுப்பறேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். நம்ம கரண்டுக்கு அது ஒத்து வருமா, வாங்கலாமா?
— அனோரத்தா ரோட்டு வாசகி

தம்பிக்கு நல்ல மனசும்மா. ஆனா அந்த மெஷின் 40 கிலோ சுமார் இருக்கும், அலமாரி மாதிரி பெட்டி, கீழ சக்கரம் வேற. ஆறு மாடி தூக்கணும். பால்கனியில மணி கட்டித் தொங்க விட்டிருக்கீங்கள்ல கயிறு, அதுல பேப்பரும் பால் பாக்கெட்டும் ஏறும், இது ஏறாது. ரிப்பேருக்குன்னு ஒரு தடவை கீழ இறக்குற நிலைமை வந்தா அன்னிக்கே அந்த மெஷின் மேல வெறுப்பு வந்துடும்.

கரண்ட் விஷயம் முதல்ல சொல்லிடறேன். இந்தியாவும் நாமளும் ஒண்ணுதான், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதனால கன்வெர்ட்டர் எதுவும் வேணாம். பிளக் மட்டும் அங்கேருந்து பெரிய மூணு முள்ளு 16 ஆம்ப் பிளக்கா வரும், நம்ம வீட்டுச் சுவர்ல அந்த ஓட்டை இருக்காது. தயவுசெஞ்சு மல்டி பிளக்ல சொருகாதீங்க, நான் உருகிப்போன பிளக்கு எத்தனையோ பாத்திருக்கேன், எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு தனி லைன் இழுத்து எர்த்தும் சேத்துப் போடச் சொல்லுங்க.

இந்தப் பெட்டி மெஷினுக்குள்ள கல்லு இருக்கும்னு பல பேரு நினைச்சுக்கறாங்க. பெரும்பாலும் கிடையாது. ஒரு இரும்புக் குடத்துக்குள்ள பிளேடு மாதிரி தகடு நிமிஷத்துக்கு 2800 சுத்து சுத்தி தானியத்தை அடிச்சு ஒடைக்கும், கீழ இருக்கற சல்லடை ஓட்டையில நுழையற அளவுக்குப் பொடியானா வெளிய விழும், ஆகலன்னா உள்ளயே அடி வாங்கிட்டிருக்கும். அதனாலதான் கூட நாலஞ்சு சல்லடை குடுப்பாங்க, ஓட்டை சின்னதா இருந்தா மாவு நைஸு, பெருசா இருந்தா ரவை. நைஸ் சல்லடை போட்டா நேரமும் ஆகும், சூடும் ஆகும்.

இப்ப நம்ம ஊருக்கே உரிய தொல்லை ரெண்டு இருக்கு, தம்பிக்குச் சென்னையில இது தெரியாது.

ஒண்ணு லோ வோல்டேஜ். சாயங்காலம் எங்க தெருவுல மீட்டர்ல 170 காட்டும். 230 வரவேண்டிய இடத்துல 170 வந்தா கால்வாசிதானே குறைஞ்சிருக்குன்னு தோணும், ஆனா இந்த மாதிரி மோட்டரோட இழுவை சக்தி வோல்டேஜோட வர்க்கத்துல குறையும், கணக்குப் போட்டா பாதிக்குக் கொஞ்சம் மேலதான் மிஞ்சும். உள்ள கோதுமை இருக்கு, மோட்டருக்குச் சுத்த தெம்பில்ல, ம்ம்ம்ம்னு உறுமும், அந்த உறுமல் சத்தம் கேட்டா கையில என்ன வேலை இருந்தாலும் போட்டுட்டு ஓடிப்போய் சுவிட்சை அணைக்கணும். ஒரு நிமிஷம் யோசிச்சீங்கன்னா காயில் போச்சு. சில நேரம் வோல்டேஜ் சரியா இருந்தும் இதே உறுமல் வரும், அது மோட்டரை ஸ்டார்ட் பண்ண உதவற கெப்பாசிட்டர் வீக் ஆயிட்டதால, சின்ன செலவுதான், அதுக்குப் போய் மோட்டரையே மாத்தச் சொல்ற ஆளுங்களும் உண்டு. எங்க மில்லுல ஒருத்தர் அப்படித்தான் எங்கள ஏமாத்தினார், பேரு எதுக்கு, புது மோட்டர் வாங்கின அப்புறம் பழைய மோட்டரை இன்னொருத்தர் கெப்பாசிட்டர் மாத்தி ஓட்டிக் காட்டினார்.

ரெண்டாவது, இது இன்னும் முக்கியம், பாதியில கரண்ட் போறது. அரைச்சுட்டிருக்கும்போது மீ ப்யெட் (கரண்ட் கட்) ஆச்சுன்னா உள்ள இருக்கற தானியம் அப்படியே பிளேடைச் சுத்தி அடைச்சுட்டு நிக்கும். நாம மெழுகுவத்தி தேடப் போயிடுவோம், சுவிட்ச் ஆன்லயே இருக்கும். அப்புறம் எப்பவோ தெருப் பூரா "மீ லா பீ"ன்னு புள்ளைங்க கத்தும்போது மெஷின் அடைச்ச வயித்தோட எழுந்திரிக்கப் பாக்கும், முடியாது, எரியும். வந்த உடனே கரண்ட் எகிறி இறங்கறது வேற. 2010க்கு முன்னாடி எங்க முதல் மோட்டர் போனது இப்படித்தான், நான்தான் சுவிட்சை மறந்தேன், என் வீட்டுக்காரர் இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அதனால நம்ம ஊருக்கு என் பழக்கம் இதுதான்: கரண்ட் வந்து பத்து நிமிஷம் கழிச்சு ஆரம்பிக்கணும், போற நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னாடி முடிச்சுடணும். மெஷினை முதல்ல ஓட விட்டு அப்புறம்தான் தானியம் கொட்டணும். பாதியில நின்னா உடனே சுவிட்ச் ஆஃப், பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து உள்ள இருக்கறதை வழிச்சு எடுத்துட்டுதான் மறுபடி.

சரி, வாங்கலாமான்னு கேட்டீங்க. எனக்கு ஒண்ணு சொல்லுங்க, வாரத்துக்கு எவ்வளவு மாவு செலவு? 1 ஹெச்பி மெஷின் ஒரு மணி நேரத்துக்கு ஆறு ஏழு கிலோ கோதுமை அரைக்கும், கரண்ட் ஒரு யூனிட் பக்கம் ஆகும். தினம் ராத்திரி சப்பாத்தி சாப்பிடற வீடுன்னா அஞ்சு பேருக்கு வாரத்துக்கு நாலஞ்சு கிலோ, மெஷினுக்கு வேலை இருக்கு. ஆனா நம்மள்ல முக்காவாசிப் பேரு சோறு சாப்பிடறவங்க, வாரத்துக்கு ஒரு நாள் இடியாப்பம், ஒரு நாள் புட்டு, மொஹிங்காவுக்கு (மீன் சாறு ஊத்தின நூடுல்ஸ்) கொஞ்சம் வறுத்த அரிசி மாவு, தீபாவளிக்கு முறுக்கு. இதுக்கு வாரம் ஒரு விசை கூட ஆகாது. ஒரு விசைங்கறது 1.6 கிலோ சொச்சம், பதினஞ்சு நிமிஷ வேலை, மீதி நேரமெல்லாம் அது மேல துணி போட்டு டிவி வைப்பீங்க.

அதனால ஆறாவது மாடிக்கு வேணாம். உங்க கட்டடத்துல இல்ல கோயில் பக்கத்துல நாலு வீடு சேந்து கீழ் வீட்டுல ஒண்ணு வச்சுக்கறதுன்னா தாராளமா வாங்குங்க, நல்ல மெஷின்தான். தனியா உங்களுக்குன்னா 750 வாட் மிக்ஸியும் ஒரு நல்ல சல்லடையும் போதும். தம்பியை அந்தக் காசுக்கு டிக்கெட் போட்டு நேர்ல வரச் சொல்லுங்க.

கேள்வி: வீட்டுல சோலார், இன்வெர்ட்டர், 200 ஆம்ப் பேட்டரி ஒண்ணு இருக்கு. 1 ஹெச்பி மாவு மெஷின் அதுல ஓடுமா அக்கா?
— தன்லின் வாசகர்

ஓடும், ஓடாது. 1 ஹெச்பின்னா 746 வாட், ஆனா அது மோட்டர் வெளிய குடுக்கற சக்தி, உள்ள இழுக்கறது ஆயிரம் வாட்டைத் தாண்டும், ஸ்டார்ட் ஆகற அந்த ரெண்டு செகண்டுக்கு அதுமாதிரி அஞ்சாறு மடங்கு இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் அங்கயே கீச்னு கத்திட்டு நின்னுடும். 3 கேவிஏ பக்கம் இருக்கணும், அதுவும் ப்யூர் சைன் வேவ்னு எழுதியிருக்கறதா பாருங்க, மலிவு இன்வெர்ட்டர்ல மோட்டர் உறுமிட்டே சூடாகும். பேட்டரி கணக்கு: 12 வோல்ட் 200 ஆம்ப் அவர்னா 2400 வாட் அவர், லெட் ஆசிட் பேட்டரியில பாதிக்கு மேல உறிஞ்சினா அதோட ஆயுசு குறையும், அப்ப 1200தான் கணக்கு, ஒரு மணி நேரம் அரைச்சா ராத்திரி ஃபேனுக்கு ஒண்ணும் இருக்காது. உச்சி வெயில்ல பேனல் நல்லா குடுக்கற நேரத்துல அரைச்சுக்கோங்க. சின்ன 1 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வச்சு முயற்சி பண்ணவே வேணாம், அது இதை எழுப்பாது.

மெஷின் இன்னும் வாங்கலன்னா வேற வழி சொல்றேன். மேசை மேல வைக்கற சின்ன கல் மெஷின் இருக்கு, செராமிக்குல கலந்து செஞ்ச கல்லு ரெண்டு, 360 வாட் மோட்டர், நிமிஷத்துக்கு 100 கிராம் அரைக்கும். மெதுவுதான், ஆனா இன்வெர்ட்டர் தாங்கும், மாவு அவ்வளவா சூடாகாது. ஐரோப்பா சரக்கு, விலை கண்ணைக் கட்டும், வெளிநாட்டுல புள்ளைங்க இருந்தா கேட்டுப் பாருங்க. அதை வாங்கினா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, நைஸா வேணும்னு கல்லை நெருக்கறது எப்பவும் மெஷின் ஓடிட்டிருக்கும்போதுதான், நின்னிருக்கும்போது நெருக்கினா நடுவுல தானியம் சிக்கி இறுகிடும். டிக்டிக்னு கல்லும் கல்லும் உரசற சத்தம் வந்தா உடனே ஒரு இழை தளர்த்துங்க. புதுசுல ஒரு டம்ளர் அரிசி அரைச்சுக் கொட்டிடணும், கல் தூள் போகறதுக்கு.

கேள்வி: அக்கா ரொம்ப வயித்தெரிச்சலோட எழுதறேன். '2500 கிராம்'னு போட்ட ஸ்டீல் அரவை மெஷின், மூடி மேல கிளிப் போட்டுப் பூட்டறது, அதை வாங்கி மூணே மாசத்துல பொகை வந்து நின்னுடுச்சு. கடைக்காரன் நீங்க ஓட்டினது தப்புங்கறான். யார் தப்பு?
— சாவுட்டான் வாசகி

கோவிச்சுக்காதீங்க, ரெண்டு பேரு மேலயும் இருக்கு. கடைக்காரர் விக்கும்போதே சொல்லியிருக்கணும், சொல்லல, அது அவர் தப்பு. நீங்க ஒரே மூச்சுல ரெண்டு ப்யி (நம்ம ஊர்ப் படி) அரிசியையும் அரைச்சிருப்பீங்க, அது உங்க தப்பு. இதுல இருக்கறது கார்பன் பிரஷ் மோட்டர், மிக்ஸியில இருக்கற அதே ஜாதி, நிமிஷத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல சுத்தும், அது ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி, வேகம் உண்டு மூச்சு கிடையாது. நாலஞ்சு நிமிஷம் ஓட்டினா பத்து நிமிஷம் நிறுத்தியே ஆகணும், கூட வர்ற சீட்டுல சீனத்துல அதைத்தான் எழுதியிருப்பான், நாம அதை அரிசி டப்பாவுக்கு அடியில விரிச்சுடுவோம்.

2500 கிராம்ங்கறது டப்பா கொள்ளளவு. பாதிக்கு மேல போடக்கூடாது, இடம் இருந்தாதான் தானியம் எகிறி எகிறி அடிபடும், நிறைச்சுப் போட்டா அடியில இருக்கறது பசையாகி மேல இருக்கறது முழுசா அப்படியே இருக்கும். ஒரு நிமிஷம் ஓட்டி, நிறுத்தி, மெஷினோட உடம்பைத் தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாத சூடுன்னா அன்னிக்கு அவ்வளவுதான்.

பொகை வந்துச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. பக்கவாட்டுல ரெண்டு திருகு மூடி இருக்கும், அதைக் கழட்டினா ஸ்பிரிங் வச்ச கறுப்புக் கட்டி வரும், அதுதான் கார்பன் பிரஷ். அது அரை சுண்டு விரல் நகம் அளவுக்குத் தேஞ்சிருந்தா மாத்தினாலே சில நேரம் ஓடிடும், ட்ரில் மெஷின் ரிப்பேர் பண்றவங்ககிட்ட அதே சைஸ் கிடைக்கும். காயில் கருகின நாத்தம் வந்திருந்தாதான் ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்தது வாங்கும்போது மூடி திறந்தா தானா நிக்குதான்னு கடையிலயே பாத்து வாங்குங்க, வீட்டுல குழந்தைங்க இருக்காங்க இல்லையா.

இந்த ஜாதி மெஷினை நான் மட்டமா சொல்லல. ஒரு குடும்பத்துக்கு வாரம் ஒரு விசை மாவுக்கு இது போதும், மாடிக்குக் கையில தூக்கிட்டுப் போலாம். பக்குவம் தெரிஞ்சு ஓட்டணும்.

கேள்வி: மெஷின்ல அரைச்ச அரிசி மாவுல இடியாப்பம் பிழிஞ்சா அறுந்து அறுந்து விழுது. எங்க ஆத்தா காலத்துல உரல்ல இடிச்ச மாவுல நூல் மாதிரி வந்துச்சு. மெஷின் மாத்தணுமா?
— பகோ வாசகி

மெஷின் மேல தப்பில்லம்மா, அரிசியைக் காஞ்சபடியே போட்டீங்கள்ல, அதுதான். ஆத்தா அரிசியை ஊறவச்சு இடிச்சிருப்பாங்க. காஞ்ச அரிசி கல்லு மாதிரி, அதை வேகமா அடிச்சு ஒடைக்கும்போது உள்ள இருக்கற மாவுச்சத்து மணிகளும் நசுங்கிப் போயிடும், நசுங்கினது தண்ணியைக் கண்டபடி உறிஞ்சும், நீங்க எப்பவும் ஊத்தற அளவு வெந்நீர் பத்தாது, மாவு பிசுபிசுன்னும் இருக்கும் அறுந்தும் போகும். ஊறின அரிசி மெத்துன்னு இருக்கறதால அதிகம் நசுங்காம பிரிஞ்சு வரும்.

நான் செய்யறதைச் சொல்றேன். எமத்தா அரிசி எடுத்துக்கோங்க, சோறு உதிரி உதிரியா வர்ற அரிசிதான் இதுக்கு சரி. பௌசான் வாசனை நல்லா இருக்கும், ஆனா இடியாப்பத்துக்கு ஒட்டும், அதைச் சோத்துக்கு வச்சுக்கோங்க. கௌன்யின் (ஒட்டரிசி) பக்கமே போகாதீங்க, அது கொழுக்கட்டைக்கு, அதுவும் கொஞ்சம் கலந்துதான். ரெண்டு மணி நேரம் ஊறவச்சு, வடிகட்டி, வெள்ளைத் துணியில நிழல்ல பரப்பிடுங்க. வெயில்ல வேணாம். அரை மணி நேரம் கழிச்சு ஒரு கை அள்ளிப் பாத்தா கையில ஈரம் ஒட்டக்கூடாது, ஆனா ஒரு அரிசியைப் பல்லுல கடிச்சா டக்குனு ஒடையாம மெத்துன்னு ஒடையணும். அந்தப் பதத்துல மிக்ஸியில ரெண்டு ரெண்டு கையா போட்டு விட்டு விட்டு ஓட்டுங்க. சலிங்க. சல்லடையில நிக்கற குருணையை அடுத்த ஈட்டோட சேத்துப் போடுங்க, கடைசியில மிஞ்சற ஒரு பிடியை உப்புமாவுக்கு.

அப்புறம் மாவை அடி கனமான கடாயில குறைஞ்ச தீயில வறுக்கணும். எவ்வளவு நேரம்னு கேட்டா மணி பாத்துச் சொல்ல முடியாது, ரெண்டு விரல்ல எடுத்துக் கோலம் போட்டுப் பாருங்க, இழை அறுபடாம விழுந்தா இறக்கிடலாம். கட்டி கட்டியா விழுந்தா இன்னும் ஈரம் இருக்கு. நிறம் மாற விட்டுட்டீங்கன்னா தாண்டிப்போச்சு.

ஒரு எச்சரிக்கை. இந்த ஈர அரிசியை மேல சொன்ன பெட்டி மெஷின்லயோ கல் மெஷின்லயோ போட்டுடாதீங்க. சல்லடை ஓட்டை அடைச்சுப் பசை மாதிரி பிடிச்சுக்கும், கல்லுல பூசினா கல்லு வழுவழுன்னு ஆகி அப்புறம் எதையும் அரைக்காது. அப்படி ஆயிடுச்சுன்னா நல்லா காஞ்ச பச்சரிசியைக் கொரகொரன்னு வச்சு ரெண்டு மூணு கை விட்டு ஓட்டினா சுரண்டிட்டு வந்துடும். இந்த வேலைக்கு மிக்ஸிதான், இல்லன்னா வெட் கிரைண்டரான்னு கேப்பீங்க, அது மாவாட்டத்தான், உலர்ந்த மாவுக்கு ஆகாது.

கேள்வி: மோல்மேன்ல எங்க பழைய வீட்டு மாடிப்படிக்கு அடியில ஒரு திருகை கிடக்கு. கரண்டே வேணாமே, அதுல மாவு அரைக்கலாமான்னு மருமக கேக்கறா. அரைக்கலாமா?
— மோல்மேன் வாசகர்

இந்தக் கடிதாசியைப் பாத்ததும் எனக்கு எங்க வீட்டுத் திருகை ஞாபகம் வந்துடுச்சுங்க. அது எங்களது இல்ல. 1964ல கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப எத்தனையோ பேரு மெட்ராஸ் கப்பல் ஏறினாங்கள்ல, அப்ப பக்கத்து வீட்டு ஆச்சி எங்க அம்மாகிட்ட வந்து, "கழுத்துல கிடக்கறதையே எடுத்துட்டுப் போக விடமாட்டேங்கறான், கல்லையா விடப்போறான், நீ வச்சுக்க, வந்து வாங்கிக்கறேன்"னு சொல்லிட்டுப் போனாங்களாம். வரல. அம்மா அதைச் சாகற வரைக்கும் "ஆச்சி கல்லு"ன்னுதான் சொன்னாங்க, நானும் அப்படித்தான் சொல்றேன், என் பேத்தி அந்தக் கல்லுக்குப் பேரே ஆச்சின்னு நினைச்சுட்டிருக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மேல்கல்லைத் தூக்கித் திருப்பிப் பாருங்க, தடவிப் பாத்தா கொத்தின தடம் சொரசொரன்னு இருக்கணும். வழுவழுன்னு இருந்தா கொத்தணும். அம்மி கொத்தறவங்க இப்ப தெருவுல வர்றதில்ல, கல்லறைக்குக் கல் செதுக்கற ஆளுங்க உளியும் சுத்தியும் வச்சிருப்பாங்க, நடுக்குழியிலேருந்து ஓரத்துக்குப் போற மாதிரி கோடு கோடா கொத்தச் சொல்லுங்க, ஆழம் வேணாம். நடு முளை மரமா இருந்தா உளுத்திருக்கும், புதுசு அடிங்க, அது ஆடினா மேல்கல்லும் ஆடும், ஒரு பக்கம் மாவு ஒரு பக்கம் முழுப் பருப்புன்னு விழும். ஈரத் துணியால அழுத்தித் துடைச்சுப் பாருங்க, துணியில கல்லுப் பொடி ஒட்டிட்டே வந்தா அது மெதுக்கல்லு, சாமானுக்கு ஆகாது. கொத்தின அப்புறம் அரிசி போட்டு ஒரு மூணு தடவை அரைச்சுக் கொட்டிடுங்க, பல்லுல நறநறன்னு மாட்டற வரைக்கும் கோழிக்குக் கூடப் போடாதீங்க.

ஆனா மாவுன்னு எதிர்பாக்காதீங்க. திருகை ஒடைக்கறதுக்கு. உளுந்தை ரெண்டா ஒடைக்க, பாசிப்பயறு ஒடைக்க, கோதுமை ரவை, சோள ரவை, இதுக்கு அது மாதிரி ஒரு மெஷினும் வராது, ஏன்னா மெதுவா சுத்தறதால நசுக்காம பிளக்கும். உளுந்துக்கு நம்ம நாட்டுல பஞ்சமில்ல, இந்தியாவுக்கே நாமதானே கப்பல் கப்பலா அனுப்பறோம், தோலோட முழு உளுந்து வாங்கி வீட்டுல ஒடைச்சு, ஊறவச்சுத் தோல் கழுவி எடுத்தா இட்லி பொசபொசன்னு வரும். ஒரு கையால சுத்தி ஒரு கையால குழியில போடணும், ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல போடக்கூடாது. மருமகளுக்குத் தோள் வலிக்கும், நீங்களும் உக்காந்து ஒரு கை பிடிங்க.

கேள்வி: எங்க பக்கம் ஷான் மாநிலத்துல கோதுமை, மக்காச்சோளம், கொண்டைக்கடலை எல்லாம் நல்லா கிடைக்குது. ஒரே மெஷின்ல எல்லாம் அரைக்கலாமா? மிளகாயும் மல்லியும் கூடவா?
— தவுஞ்சி வாசகர்

கோதுமை தாராளமா. மக்காச்சோளம் கல்லு மாதிரி, முழுசா போட்டா சின்ன மெஷின் திணறும், முதல்ல பெரிய ஓட்டைச் சல்லடையில ஒடைச்சு ரெண்டாவது தடவை நைஸா விடுங்க. கொண்டைக்கடலை முழுசா குழாய்லயே சிக்கும், கடலைப்பருப்பா ஒடைச்சது போடுங்க. எள்ளு, நிலக்கடலை, சோயா இதெல்லாம் எண்ணெய்ச் சரக்கு, கல்லையும் சல்லடையையும் பூசிடும், கூடவே கூடாது. மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு வேற மெஷின், இல்லன்னா மிக்ஸி. என்னதான் துடைச்சாலும் அடுத்த நாள் புட்டுல காரம் இருக்கும், எங்க மில்லுலயே காரத்துக்குத் தனி மெஷின்தான். மாவு அரைக்கும்போது மூக்குல ஒரு துணி கட்டிக்கோங்க, கோவிட்ல வாங்கின மாஸ்க் மிச்சம் இருந்தா அது போதும், மாவுத்தூசி வருஷக்கணக்கா உள்ள போனா இழுப்பு வரும், என் வீட்டுக்காரருக்கு வந்துடுச்சு.

கேள்வி: மழைக்காலத்துல அரைக்கற கோதுமை மாவு பத்தே நாள்ல கசக்குது, பூச்சியும் வைக்குது. மெஷின்ல சூடாகறதாலயா?
— பத்தேய்ன் வாசகி

சூடும் ஒரு காரணம், ஆனா பெரிய காரணம் ஈரம். முழுக் கோதுமையில முளைக்கருவுல எண்ணெய் இருக்கு, அரைச்ச உடனே அது காத்து பட்டுக் கெட ஆரம்பிக்கும், கடையில விக்கற வெள்ளை மாவுல அந்தக் கருவை எடுத்துடறதாலதான் அது மாசக்கணக்கா இருக்கு. நம்ம ஊர்ல ஜூன்லேருந்து அக்டோபர் வரைக்கும் காத்தே ஈரத் துணி மாதிரி, தானியம் அதை இழுத்து வச்சுக்கும். அந்த நாலஞ்சு மாசத்துக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைங்க. மெஷின்லேருந்து வந்த மாவைச் சூட்டோட டப்பாவுல போட்டு மூடாதீங்க, தாம்பாளத்துல பரப்பி ஆறவிட்டு அப்புறம் மூடுங்க, இல்லன்னா மூடிக்கு உள்பக்கம் வேர்த்துச் சொட்டும்.

தானியத்துல ஈரம் இருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு. நல்லா காஞ்ச கண்ணாடி பாட்டில்ல கால்வாசி தானியம், கூட ரெண்டு ஸ்பூன் உப்பு, உப்பைக் கடாயில வறட்டி ஆறவச்சுப் போடணும், மூடி ரெண்டு நிமிஷம் குலுக்கிட்டு கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்க. உப்பு கண்ணாடியில ஒட்டிட்டிருந்தா ஈரம் 15 சதவீதத்துக்கு மேல, அரைக்காதீங்க, மெஷினுக்கும் கெடுதல். உப்பு உதிர்ந்து அடியில போயிட்டா அரைக்கலாம்.

ஒட்டுச்சுன்னா வெயில் இல்லாத நாள்ல கடாயில வெதுவெதுன்னு புரட்டி, முழுசா ஆறவச்சு அரைங்க, ஆறாம போட்டா மறுபடி வேர்க்கும். பூச்சிக்கு ஃப்ரீசர்ல வைன்னு இந்தியாவுலேருந்து யூடியூப்ல சொல்றாங்க, நம்ம ஃப்ரீசர் பாதி நாள் அலமாரிதானே, அதை நம்பாதீங்க. திஞ்சான் தண்ணித் திருவிழாவுக்கு முன்னாடி மார்ச், ஏப்ரல் வெயில்ல மொட்டை மாடியில கறுப்புத் தார்ப்பாய் விரிச்சு மெலிசா பரப்பி ரெண்டு மூணு நாள் காயவச்சு, புடைச்சு, ஆறினதும் தகர டின்ல அடைச்சு மூடியைச் சுத்தித் துணி சுத்தி வச்சீங்கன்னா அடுத்த தீபாவளி வரைக்கும் தானியம் நிக்கும். தண்ணி ஊத்தற புள்ளைங்க மாடிக்கு வர்றதுக்கு முன்னாடி எடுத்துடுங்க, போன வருஷம் என்னோட ரெண்டு விசை கோதுமை அப்படித்தான் நனைஞ்சுச்சு.